வாரக் கணக்கில் ஒரு முரண்

முதல் நாள் வீட்டுக்குப் போனதும் இருபது நிமிடம் கையேட்டை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது வீட்டுப்பேறு வாரியத்தின் விதி. ‘வீட்டில் பிரசவம்: என்ன எதிர்பார்க்கலாம்?’ என்று தலைப்பு. அட்டையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே பிள்ளை பெறுவாள். இருபத்தாறு வருடமாகப் பேறு பார்க்கிறேன். அப்படிச் சிரித்த ஒருத்தியையும் நான் கண்டதில்லை.

செண்பகவல்லி வீட்டிலும் வாசித்தேன். தூத்துக்குடியில் கடல் உள்ளே வந்தபிறகு மேட்டில் கட்டிய அடுக்குமாடி. அதில் ஏழாவது மாடி. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. தலைப்பிள்ளை. கை நிறையக் கண்ணாடி வளையலோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா வேலம்மாள். அடுக்களை வாசலில் மைனி முத்துப்பேச்சி, அதாவது செண்பகத்தின் அண்ணன் மனைவி. அந்த அண்ணனும் செண்பகத்தின் கணவனும் ஒரே கப்பலில் வேலை பார்த்தார்கள். விடுப்பு முடிந்து இருவரும் கிளம்பியிருந்தார்கள்.

“அஞ்சு நிமிசத்துக்கு ஒரு வலி வந்தா எனக்குச் சொல்லணும். வந்தேன்னா பிள்ளை பிறந்து மூணு மணி நேரம் வரைக்கும் போவமாட்டேன். நடக்கலாம், குளிக்கலாம், கஞ்சி குடிக்கலாம், கத்தலாம். கால் மணிக்கு ஒருக்க பிள்ளை நெஞ்சுச் சத்தத்தக் கேப்பேன். பிறந்ததும் பிள்ள ஒன் நெஞ்சுலதான் கெடக்கும். மறுநாளு, மூணாம் நாளு, ஏழாம் நாளு வந்து பாப்பேன்” என்றேன். கையேட்டுத் தமிழை அப்படியே வாசித்தால் யாருக்கும் புரியாது.

“ஏதாவது கோளாறாச்சுன்னா சிஸ்டர்?” என்று கேட்டாள் செண்பகம்.

“அதுக்குத்தான் வளையல். ஒன் நாடி, ரத்த அழுத்தம், வேர்வையில உள்ள உப்பு எல்லாத்தையும் ராப்பகலா எழுதிக்கிட்டே இருக்கும். பச்சைன்னா வீட்டுலயே பிறக்கும். சிவப்புன்னா பதினெட்டு நிமிசத்துல வண்டி வாசல்ல நிக்கும். ஆஸ்பத்திரிக் கதவு சிவப்புக்கு மட்டுந்தான் தொறக்கும்.”

“சிவப்பாக வேண்டியது ஆகலன்னா?”

கேட்டது பேச்சி. வேலம்மாள் திரும்பி ஒரு முறை முறைத்தாள். “நல்ல வாய்தான் போ. இதப்பத்தி ஒனக்கு என்னட்டி தெரியும்? போயி காப்பியப் போடு.”

பேச்சி போய்விட்டாள். கல்யாணமாகி ஆறு வருடம். இரண்டு தடவை உண்டாகி, ஒன்று மூன்றாம் மாதத்திலும் இன்னொன்று நாலாம் மாதத்திலும் போய்விட்டது. அந்த வீட்டில் பிள்ளைப் பேச்சு எடுத்தால் போதும், அவளுக்கு அடுக்களையில் வேலை வந்துவிடும்.

ஆஸ்பத்திரிக் கதவு ஏன் சிவப்புக்கு மட்டும் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. எந்த மருந்துக்கும் மசியாத அந்தக் கிருமி ஆஸ்பத்திரிகளுக்குள் குடியேறிப் பதினேழு வருடமாகிறது. முதல் வருடம் நல்ல உடம்போடு பிள்ளை பெறப் போனவர்களில் பத்துக்கு ஒருத்தி திரும்பவில்லை. அதனால்தான் பேறு மறுபடியும் வீட்டுக்கு வந்தது, என்னைப் போன்றவர்களுக்கு மதிப்பும் வந்தது. ஆரம்பத்தில் ஒரு பேறுக்கு இரண்டு பேர் போவோம். வளையல் வந்ததும் அதுதான் இரண்டாவது ஆள் என்று சொல்லி ஒருத்தியைக் குறைத்தார்கள். பையில் இருந்த ரத்த அழுத்தக் கருவியையும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு கணக்கு வந்தால் குழப்பமாம். மருந்துப் பெட்டியும் வளையல் சொன்னால்தான் திறக்கும். உடைத்தால் மருந்தில் சாயம் கலந்து வீணாகிவிடும். கள்ளச்சந்தைக்குப் போகாமலிருக்க அந்த ஏற்பாடு.

வளையல் என்று வைத்ததைத் தனியாகப் பாராட்டத்தான் வேண்டும். முன்பு பட்டை, ஒட்டு என்று எது கொடுத்தாலும் நம் பெண்கள் மூன்றாம் நாள் கழற்றி அலமாரியில் வைத்தார்கள். வாரியத்தில் யாரோ ஒரு கெட்டிக்காரருக்கு வளைகாப்பு ஞாபகம் வந்தது. அன்று போட்ட வளையலைப் பேறுகாலம் வரை ஒருத்தியும் கழற்றமாட்டாள் அல்லவா? கண்ணாடி வளையல் போலவே பச்சையில் ஒன்று செய்து, சடங்கில் முதல் வளையலாக மருத்துவச்சி கையாலேயே போடச் சொன்னார்கள். போட்டவள் உடம்பை மூன்று நாளில் அது படித்துக்கொள்ளும். அப்புறம் வேறு கைக்குப் போனால் செத்துவிடும். எல்லாம் சரி, படித்து முடிக்கும் முன்பே கை மாறினால் என்ன ஆகும் என்று அவர்களும் யோசிக்கவில்லை, இந்த ஊர்க்காரியான நானும் யோசிக்கவில்லை.

அந்த வாரமே என் கைபேசியில் ஒரு மஞ்சள் வரி வந்தது. ‘வாரக் கணக்கில் முரண். விவரம் பார்க்கவும்.’ கடைசியாகத் தலைக்குளித்த நாளைச் சரியாகச் சொல்லும் பெண்ணை இனிமேல்தான் பார்க்க வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த வரி வரும். ‘தேதி தவறு’ என்று பக்கத்திலேயே ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினேன். விவரத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்தது.

பத்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செண்பகத்துக்கு வலி கண்டது. லிப்ட் ஓடவில்லை. பையையும் மருந்துப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஏழு மாடி ஏறி நான் உள்ளே நுழைந்தபோது மணி ஒன்பது. எனக்கு முன்னால் பேச்சி அரைவாளித் தண்ணீரோடு ஏறிக்கொண்டிருந்தாள். படிக்குப் படி நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேலேயிருந்து வேலம்மாள், “ஆமை தோத்துப் போவும்” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

செண்பகத்தின் முகம் வீங்கியிருந்தது. நாலு நாளைக்கு முன்பு பார்த்தபோதும் கொஞ்சம் வீக்கம் இருந்தது. வெயில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைபேசித் திரையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அழுத்தம் நூற்றுப் பன்னிரண்டு, நாடி எண்பத்திரண்டு, பச்சை. கர்ப்பப்பை வாய் நாலு விரல் திறந்திருந்தது. பிள்ளையின் நெஞ்சுச் சத்தம் நன்றாகக் கேட்டது.

“தல பொளக்குது சிஸ்டர்” என்றாள்.

பத்தரை மணிக்கு, “கண்ணு முன்னாடி மின்மினி மின்மினியாப் பறக்குது” என்றாள். அதற்குப் பிறகு நெஞ்சுக்குழிக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, “இங்க யாரோ மிதிக்கித மாரி இருக்கு, இது பேறு வலி இல்ல” என்றாள். அவள் முட்டிக்குக் கீழே கை விளிம்பால் லேசாகத் தட்டிப் பார்த்தேன். கால் எகிறி என் தோளில் இடித்தது.

வாரியத்தின் நிலையத்தைக் கூப்பிட்டேன். தேன்மொழி எடுத்தாள். பார்த்ததில்லை, குரல் பழக்கம்.

“தேன்மொழி, இங்க ஒரு பொண்ணுக்கு வலிப்பு வரப்போகுது. வண்டி அனுப்பு.”

“எந்தத் தாய் சிஸ்டர்? செண்பகவல்லியா? அவங்க பச்சையிலதான இருக்காங்க. அழுத்தம் நூத்திப் பதினாலு.”

“அந்தக் கணக்கு தப்பு. முகம் வீங்கிருக்கு, கண்ணுல மின்னலடிக்குது, முட்டியத் தட்டுனா காலு எகிறுது. அழுத்தம் தலைக்கு ஏறிட்டு. இன்னும் கொஞ்ச நேரத்துல கைகால் வெட்டும். வெட்டுனா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. எங்கையில மருந்து இருக்கு, பெட்டி தொறக்க மாட்டேங்கு.”

“புரியுது சிஸ்டர். ஆனா பச்சைக்கு வண்டி அனுப்ப என்கிட்ட வழியே இல்ல. டாக்டர் சொன்னாத்தான். டாக்டர் அறுவையில இருக்காங்க. நாப்பது நிமிஷமாவது ஆகும்.”

“நாப்பது நிமிசம் இவ தாங்கமாட்டா தாயி.”

“கேட்டுட்டு உடனே கூப்பிடுறேன்” என்று வைத்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நானும் இத்தனை வருடம் பச்சையைத்தானே நம்பினேன்.

அந்த நேரம் பார்த்துப் பேச்சி வெந்நீரைக் கொண்டுவந்து அறை வாசலில் நின்றாள். வேலம்மாளுக்கு மகளைப் பார்த்த பயமெல்லாம் மருமகள் மேல் இறங்கியது.

“ஒன்ன இந்த வாசலுக்கே வரப்படாதுன்னு சொன்னேம்லா? பிள்ளை தங்காதவ எதுர வந்து நின்னா எப்படிட்டி விளங்கும்? காலையில சிரிச்சிக்கிட்டு இருந்த பிள்ள, இப்பப் பாரு. ஒங் கண்ணுதான். எம்மவன் வயித்துல அடிச்சது பத்தாதா ஒனக்கு?”

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாடி எண்பத்திரண்டில் இருந்தது தொண்ணூற்றாறு ஆனது. நூற்றுப் பத்து. நூற்று இருபத்து நாலு. இரண்டு வலிக்கு நடுவே செண்பகம் கண்ணை மூடி அசையாமல் கிடந்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். தொண்ணூறுதான். மறுபடியும் எண்ணினேன். தொண்ணூறு. திரையில் நூற்று முப்பது.

தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தேன். பேச்சி உதட்டைக் கடித்துக்கொண்டு, வாளியை இறக்கி வைக்கவும் தோன்றாமல் நின்றிருந்தாள்.

“வேலம்மா, கீழ போயி வாசல்ல நில்லுங்க. வண்டி வந்தா உள்ள விடணும்” என்றேன்.

“வண்டி வருதா?”

“வரும்.” பொய்தான். வேறு எப்படியும் அவளை நகர்த்த முடியாது. முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

“பேச்சி, உள்ள வா. கையக் காட்டு.”

இரண்டு கையிலும் பச்சைக் கண்ணாடி வளையல். வலது கையில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு மோதியபோது சத்தம் வரவில்லை. ஒவ்வொரு வாரமும் வந்து செண்பகத்தின் கை நிறையப் பச்சையைப் பார்த்துவிட்டு, அதில் எங்கள் வளையல் எது என்று ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்காமல் போயிருக்கிறேன்.

“மைனிய ஒண்ணும் சொல்லாதீங்க” என்றாள் செண்பகம் கண்ணைத் திறக்காமலே. “வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா. நாந்தான் வளைகாப்பு முடிஞ்சி வரும்போது கார்லயே கழட்டி அவ கையில போட்டேன். சூலிக்குப் போட்ட மொத வளையலப் போட்டுக்கிட்டா பிள்ளை தங்கும்னு சொல்லுவாகல்லா. மொத வளையலு நீங்க போட்டதுதான? எனக்கு நல்லாத்தான இருந்துது, நீங்களும் வாராவாரம் பச்சைன்னுட்டுத்தான போனீங்க.”

வந்த ஆத்திரத்தில் இருவரையும் அறைந்திருப்பேன். நியாயமாகப் பார்த்தால் முதல் அடி எனக்கு. பத்து வாரத்துக்கு முன்பு மூடிவைத்த அந்த மஞ்சள் வரியைத் தேடி விவரத்தைத் திறந்தேன்.

‘செண்பகவல்லி. கர்ப்பம், இன்றைய கணக்கு: வாரம் பதினைந்து.’

இரண்டு தடவை படித்தேன். என் முன்னால் கிடப்பவள் முப்பத்தெட்டு வாரத்துக்காரி. கர்ப்பமில்லாத வெறும் உடம்புக்காரி கையில் போட்டிருந்தால் மூன்றாம் நாளே வளையல் செத்து, எனக்கு அபாய மணி அடித்திருக்கும். வளையல் சாகவில்லை.

பேச்சியை அடுக்களைக்குள் தள்ளிக்கொண்டு போனேன்.

“எத்தன மாசம்டி?”

அவள் மழுப்பவில்லை. “வளைகாப்பு அன்னைக்கு நாளு தள்ளி அஞ்சு நாளு ஆயிருந்துது சிஸ்டர். அவுகளுக்குக்கூடச் சொல்லல. ரெண்டு தடவ சொல்லி ரெண்டு தடவையும் தெருவே வந்து துக்கம் கேட்டுட்டுப் போச்சு. இந்தத் தடவ அஞ்சு மாசம் தாண்டட்டும்னு இருந்தேன். வளையல அவகிட்டத் திருப்பிக் குடுத்துறலாம்னு நெனப்பேன். கழட்டுனா இதுவும் போயிருமோன்னு பயம்.” வளையலை விரலால் உருட்டினாள். “இப்ப அவ கையில போட்டுட்டா?”

“செத்துரும். புதுசு வந்து படிக்க மூணு நாளாவும்.”

“மாத்திப் போட்டோம்னு நெலையத்துல சொல்லிட்டா?”

“பதிவையே அடிச்சிருவாக. பதிவு இல்லன்னா பச்சையும் கெடையாது, சிவப்பும் கெடையாது. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கெஞ்ச வேண்டியதுதான்.”

“எது வந்தா சிவப்பு ஆவும்?”

“மேல் அழுத்தம் நூத்தி அறுவதத் தாண்டி மூணு நிமிசம் நிக்கணும்.”

“ஓடுனா ஏறுமுல்லா? ஆனா ஓடுனா நடந்தா கணக்குல எடுக்காதுன்னு அன்னைக்கு வாசிச்சீங்களே.”

காப்பி போட்டுக்கொண்டே கையேடு முழுவதையும் கேட்டிருக்கிறாள். “பேறு வலின்னு நா பதிஞ்சபொறவு எடுக்கும். வலியில பொரளத்தான செய்வாக, அதனால அசைவப் பாக்காது” என்றேன். சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது.

பேச்சி சேலையைத் தூக்கிச் செருகினாள். “அப்ப நா படி ஏறி எறங்குதேன்.”

“ஏட்டி, போன தடவ டாக்டரு ஒனக்கு என்ன சொன்னாக?”

“கர்ப்பப்பை வாய் எளக்கமாம். கொடம் தூக்கப்படாது, படி ஏறப்படாதுன்னாக.” செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். “அவளுக்கு வெட்டு வந்தா என்ன ஆவும்னு இப்பத்தான போன்ல சொன்னீங்க. நா வாசல்லதான நின்னேன்.”

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடம் என் கையில் இரண்டு தாய், இரண்டு பிள்ளை. ஒரு பிள்ளையை இன்னொன்றுக்குப் பணயம் வைக்க எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? உள்ளேயிருந்து செண்பகம் முனகினாள். நான் பேச்சியைத் தடுக்கவில்லை. அதை இப்போது எத்தனை விதமாகத் திருப்பிச் சொன்னாலும் விஷயம் இவ்வளவுதான்: நான் தடுக்கவில்லை.

வெறுங்கால் படியில் தட்தட்டென்று இறங்கும் சத்தம் கேட்டது. செண்பகத்தை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, திரையை அவள் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். அழுத்தம் நூற்று இருபத்தெட்டு. நூற்று நாற்பது. கீழேயிருந்து வேலம்மாளின் குரல் ஏழு மாடியும் எதிரொலித்தது.

“ஏ மூதேவி! எம்மவ அங்க உசுருக்குப் போராடுதா, நீ என்னட்டி ஓடிப் பிடிச்சி வெளையாடுத?”

நூற்று நாற்பத்தொன்பது. சத்தம் மேலே வந்தது, வாசலைத் தொட்டது, மறுபடி இறங்கியது. நூற்று ஐம்பத்தேழு. நூற்று அறுபத்திரண்டு. திரையின் ஓரத்தில் மூன்று நிமிடக் கணக்கு ஓடத் தொடங்கியது. ஒரு நிமிடம் இருபது நொடி. நூற்று ஐம்பத்தெட்டு. கணக்கு அழிந்து சுழியத்துக்கு வந்தது.

“ஏறு தாயி, ஏறு” என்று நான் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். செண்பகம் பிறகு சொன்னாள்.

“மைனி எங்க?” என்று கேட்டாள் அவள். கேட்டபடியே அவள் கண் மேலே செருகியது. இடது கட்டைவிரல் துடித்தது, அப்புறம் கை, அப்புறம் உடம்பு முழுவதும். பல் கிட்டியது. நான் அவள் மேல் சாய்ந்து உருளாமல் பிடித்துக்கொண்டேன். பெட்டி என் முழங்காலுக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்தது. அதை மிதித்து உடைக்க வேண்டும் போல இருந்தது.

நூற்று அறுபத்தாறு. ஒரு நிமிடம். படியில் சத்தம் இப்போது ஒழுங்காக வரவில்லை. இரண்டு எட்டு, ஒரு நிறுத்தம், இரண்டு எட்டு. நூற்று அறுபத்து மூன்று. இரண்டு நிமிடம். செண்பகத்தின் உதடு நீலம் பாரித்தது. நூற்று அறுபத்தொன்று. நூற்று அறுபத்தொன்று. யேசுவே, யேசுவே என்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

திரை சிவந்தது. பெட்டி டக்கென்று திறந்தது. இரண்டு பக்க இடுப்பிலும் ஊசியைப் போட்டேன். வலிப்பு தணிந்து அவள் மூச்சு குறட்டையாக வந்தபோது கைபேசியில் தேன்மொழி கத்தினாள்: “சிவப்பு வந்துடுச்சு சிஸ்டர்! வண்டி கிளம்பியாச்சு!”

பதினாறு நிமிடத்தில் வந்தார்கள். நாற்காலியில் கட்டி இறக்கினோம். மூன்றாம் மாடித் திருப்பத்தில் பேச்சி சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு கையாலும் அடிவயிற்றைத் தாங்கிப் பிடித்திருந்தாள். சேலை ஓரம் ஈரமாக இருந்தது. வாளித் தண்ணீரா, வேறா என்று குனிந்து பார்க்க எனக்கு நேரமில்லை. ஒரு நொடி நின்றேன்.

“போங்க சிஸ்டர்” என்றாள். “அவகூடப் போங்க.”

போனேன்.

ஆஸ்பத்திரியில் செண்பகத்தின் அழுத்தம் நூற்று எண்பத்திரண்டு இருந்தது. வளையல் கணக்கும் சிவப்பு, உடம்பும் சிவப்பு என்பதால் யாரும் எதையும் கேட்கவில்லை. அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை, இரண்டே கால் கிலோ, பிறந்ததும் ஊரைக் கூட்டியது. ‘பேறு முடிந்தது’ என்று அவர்கள் பதிந்த நொடியில் செண்பகத்தின் பக்கம் என் கைபேசியில் மூடிக்கொண்டது. அதுதான் வாரியத்தின் முறை. மூடும்போதும் திரை சிவப்பில்தான் இருந்தது, பேச்சியின் சிவப்பு.

மூன்றாம் நாள் செண்பகம் அழுதுகொண்டே அம்மாவிடம் வளையல் கதையைச் சொல்லிவிட்டாள். பேச்சி உண்டாகியிருப்பது செண்பகத்துக்கே தெரியாது, அதனால் அதைச் சொல்லவில்லை. வேலம்மாள் அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டாள். “எம்மவ உசுர ஒங்கையில மாட்டிக்கிட்டுத் திரிஞ்சியாட்டி? நா வாரதுக்குள்ள வீட்டுல இருக்கப்படாது” என்றாளாம். ஏழாம் நாள் பிள்ளையைப் பார்க்க நான் போனபோது பேச்சி இல்லை. விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊர், அவள் அம்மா வீடு. போன் அணைந்தே கிடந்தது. அவள் போகும்போது எப்படி இருந்தாள் என்று எதிர்வீட்டுக்காரியைக் கேட்டேன். “சொவத்தப் பிடிச்சிப் பிடிச்சி எறங்கிப் போனா, பாவம்” என்றாள்.

நிலையத்தில் கேட்டிருந்தால் வளையல் என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்கும். கேட்டால் மாற்றிப் போட்டது வெளியே வரும். விவரம் பார்க்காமல் பொத்தானை அமுக்கியவள் நான் என்பதும் வரும். என் மகன் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, நல்லது கெட்டது எதுவானாலும் இனி நடந்தது நடந்ததுதான் என்றெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லுகிற இந்த ஜெபக்கனி சிஸ்டர் பதினோரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் யாருக்கு என்ன லாபம்?

பன்னிரண்டாம் நாள் காலை தேன்மொழியே கூப்பிட்டாள். நான் வேறொரு வீட்டில் கையேடு வாசித்துக்கொண்டிருந்தேன். எழுந்து வெளியே வந்தேன்.

“சிஸ்டர், செண்பகவல்லி கேஸ் முடிஞ்சிடுச்சுதான?”

“முடிஞ்சிட்டு. தாயும் பிள்ளையும் நல்லாருக்காக.”

“இங்க ஒரு குளறுபடி. வளையல் இன்னும் திரும்பி வரல. அது மட்டும்னா பரவாயில்ல. பிரசவம் ஆகிப் பன்னிரண்டு நாள் ஆகுது, ஆனா அவங்க இன்னும் கர்ப்பமாவே இருக்கிறதாக் காட்டுது. வாரம் பதினேழுன்னு போட்டிருக்கு.”

நான் அந்த வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். “நெறம் என்ன?”

“முதல் நாலு நாள் சிவப்பும் மஞ்சளுமா மாறி மாறிப் போயிருக்கு. அதுக்கப்புறம் பச்சை. இப்பவும் பச்சைதான்.”

சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். உள்ளே இருந்தவர்கள் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

“சிஸ்டர், லைன்ல இருக்கீங்களா? வளையல்தான் கெட்டுப்போச்சுன்னு நெனைக்கிறேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா இங்கிருந்தே அணைச்சிடுவேன். கேஸ் சுத்தமா முடிஞ்சிடும்.”

சரி என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, பதினேழு வாரப் பிள்ளையோடு, கேட்பார் பார்ப்பார் இல்லாமல் கிடப்பாள்; நாளைக்கே திரை சிவந்தாலும் ஒரு வண்டியும் போகாது.

“அணைக்காத தாயி” என்றேன். “பேர மாத்தி எழுது. முத்துப்பேச்சி. வயசு இருபத்தொன்பது. மூணாவது கர்ப்பம், முன்னால ரெண்டு தங்கல. கர்ப்பப்பை வாய் எளக்கம், தையல் போடணும், இந்த வாரமே ஆள் அனுப்பணும். வளையல் மொத நாள்லயிருந்து அவ கையிலதான் கெடக்கு. முரண்னு வந்த வரியப் பாக்காம அமுக்குனது நாந்தான்.”

தேன்மொழி குரலைத் தாழ்த்தினாள்.

“சிஸ்டர், இந்தப் பேச்சு பதிவாகுது.”

“ஆவட்டும். நீ எழுது.”

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பெயர், வயது, வாரம் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டே எழுதினாள். கடைசியில் தயங்கினாள்.

“மருத்துவச்சின்னு ஒரு கட்டம் இருக்கு சிஸ்டர். யார் பேரைப் போட?”

“இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் எம்பேரப் போடு” என்றேன்.